சர்வர் வாங்கும் முன் நெட்வொர்க் சுவிட்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் கணக்கு முடிப்பு நெருங்கும்போதும், மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று கெடு வரும்போதும் சிறு அலுவலகங்களில் ஒரே புலம்பல்தான்: "சிஸ்டம் நகரவே மாட்டேங்குது." ஐந்திலிருந்து பத்து கம்ப்யூட்டர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் டேட்டா ஃபைல் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் லேன் (அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்) வழியாக அதே ஃபைலில் பில் போடுவார்கள், இருப்புப் பார்ப்பார்கள். காலையில் முதல் ஆள் உட்காரும்போது பறக்கிற மென்பொருள், பதினொரு மணிக்கு ஒரு பார்ட்டி பெயரைத் தேட இருபது விநாடி எடுத்துக்கொள்ளும். பழுது பார்க்க வருகிறவர் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: புது சர்வர் வாங்குங்கள், ராம் ஏற்றுங்கள். கடன் வாங்கி சர்வர் போட்ட பிறகும் அதே இருபது விநாடி நீடித்தால் அந்தச் சிறு வணிகர் யாரிடம் போய்ச் சொல்வார்? நோயைப் பார்க்காமல் மருந்து எழுதும் இந்த வழக்கம் மாற வேண்டும் என்றுதான் தங்கள் வாசகர்களுக்கு இதை எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் அக்சஸில் செய்த தரவுத்தளங்களை வைத்தே சொல்கிறேன். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபாக்ஸ்புரோ பில்லிங் மென்பொருள்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். இவற்றில் 'சர்வர்' என்று நாம் அழைக்கும் கம்ப்யூட்டர் உண்மையில் ஒரு அலமாரி மட்டுமே. அந்தப் பக்கம் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. பில் போடுகிறவரின் கம்ப்யூட்டரே கேபிள் வழியாகப் போய், அலமாரியைத் திறந்து, ஃபைலைத் துண்டு துண்டாக எடுத்து வந்து, தன் மேசையில் வைத்துத் தேடுகிறது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி. ஒரு லட்சம் வரிகள் உள்ள பட்டியல், வரிக்கு 200 பைட் என்றால் மொத்தம் 20 எம்பி. தேடும் புலத்துக்கு இண்டெக்ஸ் (எந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டும் அகரவரிசை) இல்லாவிட்டால் அந்த 20 எம்பியும் கேபிளில் வந்தாக வேண்டும். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) இணைப்பில் விநாடிக்கு 11 எம்பிதான் போகும். ஒருவருக்கு இரண்டு விநாடி. ஆறு பேர் ஒரே நேரத்தில் தேடினால் பத்து விநாடியைத் தாண்டும். இண்டெக்ஸ் இருந்தால் நாலைந்து துண்டுகள், அதாவது சுமார் 20 கேபி போதும். இந்த இடத்தில் 64 ஜிபி ராம் வைத்த சர்வர் எதைச் சாதிக்கும்?

அளவைவிட முக்கியமானது எத்தனை நடை போய்வர வேண்டும் என்பது. ஒரு ஃபாரம் (விவரம் பதியும் திரை) திறக்க மூவாயிரம் முறை போய்வர வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒழுங்கான கேபிளில் ஒரு நடைக்கு 0.4 மில்லி விநாடி என்றால் மொத்தம் 1.2 விநாடி. அதே ஃபாரத்தை வைஃபையில் திறந்தால், நடைக்கு 5 மில்லி விநாடி வீதம் 15 விநாடி. "எங்க வைஃபை 300 எம்பிபிஎஸ் சார்" என்று சொல்வதில் பயனில்லை. குழாய் எவ்வளவு அகலம் என்பது இங்கே கணக்கில் வராது. போய்வர எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. வைஃபையில் இணைப்பு நடுவில் ஒரு நொடி அறுந்தால் ஃபைலே பழுதாகும் ஆபத்தும் உண்டு. ஆகவே பில் போடும் எந்தக் கம்ப்யூட்டரையும், மடிக்கணினியாக இருந்தாலும், கேபிளில் இணையுங்கள். இதற்கு மாற்று இல்லை.

எங்கே கோளாறு என்று பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். ஒரு தாளும் கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் தாமதமாகும் ஒரே வேலையை, ஒரு குறிப்பிட்ட பார்ட்டியின் லெட்ஜரைத் திறப்பது போன்ற ஒன்றை, தேர்ந்தெடுங்கள். முதலில் ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே, மற்ற எல்லோரும் வெளியேறிய பின் அதைச் செய்து விநாடியைக் குறியுங்கள். பிறகு லேனில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில், தனியாக. கடைசியாக அதே கம்ப்யூட்டரில், இன்னும் ஒரே ஒருவர் மென்பொருளைத் திறந்து சும்மா வைத்திருக்கும்போது. முதல் சோதனையிலேயே தாமதம் என்றால் டிஸ்க், இண்டெக்ஸ், க்வெரி (டேட்டாவைத் தேடி எடுக்கும் கட்டளை) பக்கம் போங்கள். அது வேகமாக இருந்து இரண்டாவது தாமதமானால் கேபிள், சுவிட்ச் (எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி), ஆன்டிவைரஸ். இரண்டும் வேகமாக இருந்து மூன்றாவது மட்டும் படுத்துவிட்டால் அது வேறு சங்கதி. அதைத்தான் பலரும் 'சர்வர் தாங்கவில்லை' என்று தவறாகப் படிக்கிறார்கள்.

அந்தச் சங்கதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். டேட்டா இருக்கும் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு ஃபாரத்தைத் திறந்து மூடச் சொல்லுங்கள். டேட்டா ஃபைலின் அதே பெயரில், எல்ஏசிசிடிபி என்ற பின்னொட்டோடு ஒரு சின்னஞ்சிறு ஃபைல் தோன்றும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அக்சஸ் எழுதிவைக்கும் பூட்டுப் பதிவேடு அது. பழைய எம்டிபி ஃபைல் என்றால் பின்னொட்டு எல்டிபி. ஃபாரத்தை மூடியதும் அந்தச் சிறு ஃபைல் மறைந்து, அடுத்த ஃபாரம் திறந்ததும் மீண்டும் தோன்றினால் கோளாறு கையில் சிக்கியது என்று பொருள். ஒவ்வொரு முறையும் பதிவேட்டை உருவாக்கு, பெயர் எழுது, அழி என்று மென்பொருள் அல்லாடுகிறது. ஒருவர் மட்டும் இருக்கும்போது இது தெரியாது. இரண்டாவது ஆள் வந்ததும், இவர் அழிக்கப் பார்க்க அவர் பிடித்திருக்க, ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருப்பு ஏறும்.

தீர்வுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. டேட்டா ஃபைலில் ஒரே ஒரு வரி உள்ள சிறு டேபிள் ஒன்றை வைத்து, மென்பொருள் தொடங்கும்போதே அந்த டேபிளோடு கட்டிய ஒரு ஃபாரத்தை மறைவாகத் திறந்து, வெளியேறும்வரை மூடாமல் வைக்க வேண்டும். இணைப்பு அறுபடாது, பதிவேடும் ஒரே இடத்தில் நிற்கும். மென்பொருள் எழுதியவருக்கு இது அரைமணி நேர வேலை. அவரிடம் 'ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பேக் எண்டுக்கு (டேட்டா ஃபைலுக்கு) நிரந்தர இணைப்பு வைத்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். கூடவே, அந்த ஃபோல்டரில் எல்லாப் பயனருக்கும் படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டை உருவாக்க அனுமதி இல்லாதவர் முதலில் நுழைந்தால் மற்றவர்களுக்குக் கதவு அடைபடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை: ஃபாரங்கள், ரிப்போர்ட்டுகள், டேபிள்கள் எல்லாம் ஒரே ஃபைலில் கிடக்க, அதற்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்து அத்தனை பேரும் திறப்பது. இதைப் பிரித்தே ஆக வேண்டும். டேபிள்கள் மட்டும் பொது ஃபோல்டரில். ஃபாரம், க்வெரி, ரிப்போர்ட் உள்ள ஃபைல் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிப் பிரதியாக. அக்சஸிலேயே இதற்கு 'ஸ்பிளிட்' வசதி உண்டு. பிரித்த பின் ஒவ்வொரு டேபிளின் பண்புகளிலும் 'சப்டேட்டாஷீட் நேம்' என்ற இடத்தில் 'ஆட்டோ' இருப்பதை 'நன்' என்று மாற்றுங்கள். ஒரு டேபிளைத் திறக்கும்போது உறவுடைய மற்ற டேபிள்களையும் போய்த் தட்டுவது அதனால் நிற்கும். டேட்டா ஃபோல்டர் ஆறேழு அடுக்குக்கு உள்ளே புதைந்திருந்தால் மேலே கொண்டுவந்து சின்னப் பெயர் வையுங்கள்.

ரிப்போர்ட் மட்டும் திறக்க நேரமாகிறதா? அந்தக் கம்ப்யூட்டரின் டிஃபால்ட் பிரிண்டர் அணைந்து கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டராக இருக்கலாம். அக்சஸ் பக்க அளவைக் கேட்டு அந்தப் பிரிண்டரைத் தட்டி, பதில் வராமல் காத்திருக்கும்.

இனி கேபிள். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம், ஏனென்றால் விளக்கு எரிந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு ஜோடிகள். வழக்கமான வரிசையில் இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஜிகாபிட்டுக்கு (1,000 எம்பிபிஎஸ்) நான்கு ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள்: எட்டுக் கம்பிகளின் நுனியும் கண்ணாடி போன்ற அந்த முகப்பில் முட்டி நிற்க வேண்டும். பழுப்புக் கம்பி ஒரு மில்லிமீட்டர் உள்ளே தங்கியிருந்தால் உலோகப் பல் அதைக் கடித்திருக்காது. வெளி உறை பிளக்குக்குள் நுழையாமல் வண்ணக் கம்பிகள் வெளியே தெரிந்தால் இன்று இல்லாவிட்டாலும் நாளை அறும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தாலும் விளக்கு எரியும், பில் ஓடும். வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும்.

எனவே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸில் வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 1 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலைப் பொது ஃபோல்டரிலிருந்து நகலெடுத்தால் ஜிகாபிட்டில் பத்து விநாடிக்குச் சற்றுக் கூடலாம். ஒன்றரை நிமிடம் ஆனால் அந்த வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் உட்கார்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் பழைய எட்டு போர்ட் சுவிட்சாகவோ, இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டராகவோ இருக்கும். பில்லிங் கம்ப்யூட்டர்களை ரவுட்டரின் பின்பக்கத் துளைகளில் சொருகாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஜிகாபிட் சுவிட்சுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரே கேபிளை மட்டும் ரவுட்டருக்கு விடுங்கள்.

பிறகு, டேட்டா உள்ள கம்ப்யூட்டருக்கு நூறு முறை பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) கொடுங்கள். நூறும் 1 மில்லி விநாடிக்குள் திரும்ப வேண்டும். ஒன்றிரண்டு தொலைந்தாலோ, நடுவில் 40, 80 என்று குதித்தாலோ கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அடாப்டரில் யாராவது வேகத்தை '100 ஃபுல்' என்று கையால் கட்டிவைத்திருந்தால் அதை 'ஆட்டோ'வுக்குத் திருப்புங்கள். ஒருபக்கம் கட்டியும் மறுபக்கம் தானியங்கியாகவும் இருந்தால், தானியங்கிப் பக்கம் 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று முடிவுசெய்துவிடும். சின்னப் பிங் நன்றாகப் போகும், டேட்டா ஏறியதும் மோதல் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்காமல் நாள்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு.

வாங்கும்போது தாமிரக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். மலிவு விலையில் கிடைப்பவற்றில் பல அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசியவை. கத்தியால் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தாமிரத்தைவிட அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், மடித்தால் எளிதில் முறியும். சிசிடிவியையும் பாருங்கள். கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் எட்டுக் கேமராவுக்கு 32 எம்பிபிஎஸ். அது பில்லிங் போகும் 100 எம்பிபிஎஸ் பாதையிலேயே போனால் மூன்றில் ஒரு பங்கை நாள் முழுக்கத் தின்றுவிடும். கேமராக்களுக்குத் தனிச் சுவிட்ச் போடுங்கள்.

ஆன்டிவைரஸை யாரும் முழுதாக அணைக்க வேண்டாம். ஆனால் ஒரு பில் சேமிக்கும்போது டேட்டா உள்ள கம்ப்யூட்டரிலும் ஒரு சோதனை, பில் போடும் கம்ப்யூட்டரிலும் ஒரு சோதனை என்று அதே ஃபைலை இருமுறை துழாவினால் வேகம் எங்கிருந்து வரும்? டேட்டா ஃபோல்டரை மட்டும் இரு பக்கமும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பில் போடும் கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் பாதையையே கொடுங்கள். விண்டோஸ் தேடல் அந்த ஃபோல்டரை இண்டெக்ஸ் செய்வதையும் நிறுத்துங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் ஓடும் டேட்டா ஃபைலை வைப்பது மட்டும் கூடவே கூடாது. பாதி எழுதிய ஃபைலை அது மேலே அனுப்பி, இரண்டு பிரதியாக்கி, கடைசியில் எது சரி என்று யாருக்கும் தெரியாமல் போகும். பேக்கப் வேண்டுமென்றால் இரவில் எல்லோரும் வெளியேறிய பின் நகலெடுத்து, அந்த நகலை அனுப்புங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய கையோடு வேகம் சற்றுக் குறைந்தால் வியப்பில்லை. அதன் ப்ரோ பதிப்பில் ஃபைல் பகிர்வின் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையொப்பம் இடுவது கட்டாயமாகிவிட்டது. பழைய ப்ராசசரில் அது தெரியும். பாதுகாப்புக்கான ஏற்பாடு என்பதால் அதை அணைக்கச் சொல்ல மனமில்லை. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்புக்குப் பின் 'டேட்டாபேஸ் சீரற்ற நிலையில் உள்ளது' என்ற பொருளில் பிழைச்செய்தி வரத் தொடங்கியபோது, டேட்டா உள்ள கம்ப்யூட்டரில் 'லீசிங்' வசதியை (ஃபைலின் பகுதிகளை மற்றக் கம்ப்யூட்டர்கள் தம்மிடமே வைத்துக்கொள்ள விடுவது) அணைக்கும் மாற்று வழியை மைக்ரோசாஃப்ட் தந்தது. அதைச் செய்த இடங்களில் வேகம் கொஞ்சம் இறங்கும். ஃபைல் உடைவதைவிட அது மேல்.

டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரில் யாரும் உட்கார்ந்து வேலை செய்யாமல் இருப்பது நல்லது. அது தூங்கப் போகும் அமைப்பையும், நெட்வொர்க் கார்டை மின்சிக்கனத்துக்காக அணைக்கும் அமைப்பையும் எடுத்துவிடுங்கள். ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்) நிலையாக்குங்கள். காலையில் முதல்முறை திறக்க மட்டும் நேரமாகிறது, பிறகு சரி என்றால் பெயரைத் தேடுவதில்தான் தாமதம். ஐபி முகவரியைக் கொடுத்து இணைத்துப் பாருங்கள். சாதா விண்டோஸ் 10, 11-இல் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் அனுமதி என்பதும் நினைவிருக்கட்டும்.

செலவு செய்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது டிஸ்க். 7,200 ஆர்பிஎம் ஹார்டுடிஸ்கில் தகடு ஒருமுறை சுற்ற 8.3 மில்லி விநாடி. ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும்போது விநாடிக்கு எண்பது துண்டுகளே தேறும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் எடுக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் முதலில் இதை மாற்றுங்கள், சர்வரை அல்ல.

க்வெரிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பில் தேதியை 'ஆண்டு = 2024' என்று ஃபங்ஷன் போட்டுத் தேடினால் தேதி புலத்தில் இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை; ஒவ்வொரு வரியையும் எடுத்து ஆண்டைக் கணக்கிட வேண்டும். '2024 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை' என்று இரு எல்லை கொடுத்தால் இண்டெக்ஸ் வேலை செய்யும். பெயரின் நடுவில் உள்ள எழுத்தைத் தேடினாலும் இண்டெக்ஸ் பயன்படாது. முதல் மூன்றெழுத்தால் தேடப் பழக்கினால் திரை உடனே நிரம்பும்.

அக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி உச்சவரம்பு. அதை நெருங்குகிறவர்களும் கிளை அலுவலகத்திலிருந்து இணைய விரும்புகிறவர்களும் எஸ்க்யூஎல் சர்வருக்கு (தேடலைத் தானே செய்து விடையை மட்டும் அனுப்பும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) மாறத்தான் வேண்டும். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு 2022 வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி தருகிறது. ஆனால் டேட்டாவை நினைவில் வைக்க அது 1,410 எம்பிக்கு மேல் எடுக்காது, நான்கு கோருக்கு மேல் பயன்படுத்தாது. அதற்கென்று 64 ஜிபி ராம் விற்கிறவரிடம் இதைக் கேளுங்கள். மாறிய பின் 'ஆட்டோ குளோஸ்' அமைப்பு திறந்திருந்தால் மூடுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஆள் வெளியேறும்போதெல்லாம் தரவுத்தளம் மூடி, அடுத்தவர் வரும்போது புதிதாக எழும். ஒருவர் பில்லைப் பாதியில் சேமித்து, 'உறுதியா?' என்ற பெட்டியைத் திரையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் மற்ற எல்லோரும் நிற்பார்கள். அதை வேகக் குறைவு என்று சொல்லக் கூடாது, அது பூட்டு. மென்பொருள் எழுதுகிறவர்கள் பரிவர்த்தனைக்கு நடுவில் கேள்வி கேட்பதைக் கைவிட வேண்டும்.

எதைத் தொடும் முன்னும் எல்லோரையும் வெளியேற்றி, பூட்டுப் பதிவேடு மறைந்ததை உறுதிசெய்து, டேட்டா ஃபைலை வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். ஃபைலைச் சுருக்கிச் சீராக்கும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுப்பதாக இருந்தால் ஃபைல் உள்ள கம்ப்யூட்டரிலேயே கொடுங்கள், லேன் வழியாக வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அந்த மூன்று சோதனைகளையும் மறுபடி ஓட்டி, விநாடிகளைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சர்வர் விற்க வருகிறவரிடமும் அந்தத் தாளைக் காட்டி, இதில் எந்த எண் எவ்வளவு குறையும் என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கம்ப்யூட்டர்கள் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்க, சுவிட்ச் மட்டும் சுவரில் உள்ள சாதாரணப் பிளக்கில் தொங்குவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். கரண்ட் போன அந்த நொடியில் கம்ப்யூட்டர்கள் உயிரோடு இருக்கும், நடுவில் உள்ள பாலம் மட்டும் விழும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறும். சுவிட்சின் அடாப்டர் பத்து வாட்கூட இழுக்காது. இன்று மாலை கடை மூடும் முன் அதை யுபிஎஸ்ஸின் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு அலுவலகத் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வாசகர்,
ஈரோடு